மேய்க்கால் நிலத்தில் சாதியையும் கணக்கெடுங்கள்

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. காலநிலை மாற்றத்தையும் மேய்ச்சலையும் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வரும் மாணவர்களிடம் நாம் கேட்க ஒன்று இருக்கிறது: உங்கள் கேள்விப் பட்டியலில் சாதி இருக்கிறதா?

இத்தகைய ஆய்வில், ஒரு துண்டு நிலத்தை ஆடு நுழையாமல் வேலியிட்டு அடைப்பார்கள். பக்கத்துத் துண்டில் மேயவிடுவார்கள். எங்கே எந்தப் புல் முளைத்தது, மண்ணில் கரிமம் எவ்வளவு, மழை குறைந்த ஆண்டில் என்ன ஆனது என்று அளப்பார்கள். தேவையான வேலைதான். புல்வெளி தன் கரிமத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் சேர்த்து வைக்கிறது. அதைத் ‘தரிசு’ என்று பதிந்து வைத்திருக்கும் அரசுக்கு அந்த அளவு பதில் சொல்லும்.

ஆனால் வெம்பூர் என்ற ஊரின் பேரிலேயே செம்மறி இனம் உள்ள இந்தக் கரிசலில், ஆடு எங்கே மேயலாம் என்பதைப் புல் முடிவு செய்வதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனி வரை காட்டில் வெள்ளாமை நிற்கும். சொந்த நிலமில்லாத நம் பெண்கள் நாலைந்து வெள்ளாட்டை அப்போது எங்கே பத்துவார்கள்? மேய்க்கால் புறம்போக்கும் கண்மாய்க் கரையும்தான் கதி. அறுப்பு முடிந்து தாள் மேய்க்கவும் நிலக்காரர் சம்மதம் வேண்டும். மழை பொய்த்தால் தாளும் இல்லை. பொதுநிலத்தையும் ஆக்கிரமிப்பும் சீமைக்கருவேலமும் பிடித்துக்கொண்டால் ஆட்டை விற்பதைத் தவிர வழியில்லை. இதைக் கேட்காத ஆய்வு, ‘அதிக மேய்ச்சலால் புல்வெளி அழிந்தது’ என்று எழுதி, பழியை நம் தலையில் போட்டுவிடும்.

2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க உத்தரவிட்டது. நிலமற்ற தொழிலாளர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு குத்தகைக்குக் கொடுத்த இடங்களை வரன்முறைப்படுத்த அதே தீர்ப்பு விதிவிலக்கும் தந்தது. பொதுநிலத்தை மீட்கக் கோரி மனுப் போடும்போது, யார் எந்த மாதம் எங்கே மேய்த்தார்கள் என்ற களக்குறிப்பு நமக்குச் சாட்சியாக நிற்கும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. தோழர்களே, இந்தத் தலைப்பை நாமே எடுப்போம். முடிவுகளைத் தமிழில் எழுதி, நமக்குத் தகவல் சொன்ன பெண்களின் தெருவில் முதலில் வாசிப்போம்.

ஜெய்பீம்.