மூணு சக்கரத்துக்கு மூணு வயசு ஆகட்டும்

1/ நேத்து மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பாட்டி, மருமகள், 1 வயசு 10 மாசப் பேரன். "முதல் பிறந்தநாளுக்கு ஆசையா சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம் டாக்டர். இன்னும் மிதிக்கவே மாட்டேங்கிறான். கால்ல பலம் இல்ல. இவ ஒழுங்கா ஊட்டினாத்தானே?" மருமகள் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

2/ பாட்டி சொல்லி முடிக்கிறதுக்குள்ள பையன் என் மேஜையை ரெண்டு சுத்து ஓடி, நாற்காலியில ஏறி, ஸ்டெதஸ்கோப்பை இழுத்துட்டான். அவன் கால்ல ஒரு குறையும் இல்ல. சைக்கிள் வாங்கின நேரம்தான் தப்பு. இதைக் கொஞ்சம் காட்டமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

3/ குழந்தை வளர்ச்சிப் பாடத்துல நாங்க மனப்பாடம் பண்றது: மூணு வயசு, மூணு சக்கர சைக்கிள். ஒரு கால் அழுத்தும்போது மறு கால் விட்டுக் கொடுக்கணும். கை திருப்பணும், கண் பாதையைப் பார்க்கணும். இதெல்லாம் ஒண்ணா கூடிவர பெரும்பாலான குழந்தைகளுக்கு மூணு வயசு கிட்ட ஆகும். கேழ்வரகுக் கஞ்சியைக் கூட ரெண்டு டம்ளர் ஊத்தினா சீக்கிரம் வந்துடாது.

4/ அப்புறம் ஏன் ஒரு வயசுலயே வாங்குறோம்? போட்டோவுக்கு. பாட்டு, லைட்டு, குடை, பின்னாடி தள்ளுற கம்பி. எல்லாம் விருந்தாளிங்க பார்க்க. குழந்தைக்கு அது வெறும் தள்ளுவண்டி.

5/ "தள்ளிட்டுப் போனா என்ன தப்பு?" பல சைக்கிள்ல பெடல் முன் சக்கரத்தோட நேரா பொருத்தியிருக்கும். நீங்க தள்ளினா பெடலும் சுத்தும், குட்டிப் பாதம் அதுல அடிபடும். தள்ளித்தான் ஆகணும்னா பெடலைத் தனியா விடுவிக்கிற வசதி, கால் வைக்க இடம், இடுப்பு பெல்ட் மூணும் இருக்கானு பாருங்க.

6/ மூணு வயசுல வாங்கும்போது குழந்தையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க. பாதம் தரையில படணும். சீட் தாழ்வா, பின் சக்கரங்களுக்கு நடுவுல நல்ல அகலம். உயரமா, ஒடுக்கமா இருந்தா திருப்பத்துல கவிழும். மூணு சக்கரம் இருந்தாலும் கவிழும்ங்க! ஹேண்டில்பார் முனையில கெட்டியான ரப்பர் பிடி வேணும். விழும்போது வெறும் குழாய் வயித்துல குத்தினா உள்காயம் ஆகும்.

7/ 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். லைட் எத்தனைனு எண்ணுறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க.

8/ அடுத்தது இடம். மழைத்தண்ணி வரக்கூடாதுன்னு வீட்டை உசத்திக் கட்டி, பைக் ஏத்த வாசல்ல சரிவு போட்டிருக்கோம். இந்த சைக்கிள்ல பெரும்பாலும் பிரேக் கிடையாது. சரிவுல பெடல் தானா வேகமா சுத்தும், கால் நழுவும், வண்டி நேரா தெருவுக்குப் போய் நிக்கும். எஸ்டேட்டுக்கு லோடு ஏத்திட்டுப் போற குட்டியானை ரிவர்ஸ் எடுக்கிற தெரு அது. இவ்வளவு தாழ்வா உட்கார்ந்திருக்கிற குழந்தை டிரைவர் கண்ணாடியில தெரியாது. கேட்டைப் பூட்டிட்டு, சமதரையில, பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருந்து ஓட்ட விடுங்க. தலையில ஹெல்மெட். படிக்கட்டு பக்கமும் மொட்டை மாடியும் வேண்டவே வேண்டாம்.

9/ "அப்போ முதல் பிறந்தநாளுக்கு என்னதான் வாங்குறது?" நடைவண்டி. நம்ம தாத்தா காலத்து மரவண்டி. அதுக்கும் மூணு சக்கரம்தான். ஆனா குழந்தை தன் கால்ல நின்னு, தன் பலத்துல தள்ளும். எழுந்து நிக்கிற குழந்தைக்கு, சமதரையில, உங்க கண் முன்னாடி.

10/ நடுவுல உட்கார வெச்சு உருட்டுற வாக்கரை இதோட குழப்பிக்காதீங்க. படிக்கட்டுல உருண்டு தலையில அடிபடுதுன்னு கனடா 2004லயே அதைத் தடை பண்ணிடுச்சு. அது நடக்கவும் சொல்லித் தராது.

11/ எப்போ கவலைப்படணும்? 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலன்னா. மூணு வயசுக்கு மேல அடிக்கடி விழுந்தா, தொடையில கை ஊன்றித்தான் தரையிலிருந்து எழுந்தா. உடனே டாக்டரைப் பாருங்க. சைக்கிளே ஓட்டிப் பார்க்காத குழந்தைக்கு ஓட்டத் தெரியலங்கிறது நோய் இல்ல.

12/ எட்டு மாசத்துல நடக்கணும், ஒரு வயசுல சைக்கிள் மிதிக்கணும், ரெண்டரையில எழுதணும்! யாரோட போட்டி இது? தோத்ததா திட்டு வாங்குறது மட்டும் எப்பவும் அம்மாதான்.

13/ பாட்டிகிட்ட சொன்னேன்: "சைக்கிளைப் பரண்ல போடுங்கம்மா. மூணு வயசுல இறக்குங்க, அவனே மிதிப்பான். அதுவரைக்கும் மருமகளை விட்டுடுங்க." பாட்டி சிரிச்சுட்டாங்க. மருமகள் அப்போதான் நிமிர்ந்து பார்த்தாங்க.