ஆகாயத்தை அடிக்கிறோமா?



பெங்களூரு பூங்காக்களில் வாலிபர் சிலர் எழும்பிச் சுழன்று காற்றை உதைக்கிறார்கள். எதிரே ஒருவருமில்லை, அழகே நோக்கம். அதில் குற்றமில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், எதிராளியின்றிச் செய்யும் கராத்தே 'கட்டா'வுக்கும் பதக்கம் உண்டாயிருந்தது.

பவுலோ தாம் அப்படிப் போராடுகிறவரல்ல என்கிறார் (1 கொரிந்தியர் 9:26). கிரேக்க மூலத்தில் அது குத்துச்சண்டை. நம் தமிழ் வேதாகமத்தில் சிலம்பம். அடுத்த வசனம் அவருடைய எதிராளியைக் காட்டுகிறது: அவருடைய சொந்தச் சரீரமே.

ஞாயிறு ஆராதனையில் சத்தமிட்டு ஜெபித்தவன், வீடு திரும்பியதும் மனைவியின்மேல் பழைய கோபத்தையே கொட்டினால், அந்த அடி எங்கே விழுந்தது? சபையார் வியந்தார்கள்; சத்துருவோ காயப்படவில்லை. இக்கேள்வி முதலாவது எனக்கே.

இன்றிரவு அறைக்கதவைப் பூட்டி, உங்களிலுள்ள ஒரு பாவத்தைப் பெயர்சொல்லி எதிர்த்து ஜெபியுங்கள். கர்த்தர் ஜெயந்தருவாராக. ஆமென்.