எச்சட்டம் எவர்க்குத் தளை?

இலங்கையில் முதலீடு தளர்வதற்கும் கைத்தொழில் நலிவதற்கும் காரணம் யாதென வினவினால், பெரு வர்த்தகத்தின் சார்பிற் பேசுவோர் நெடுங்காலமாக ஒரே விடையைக் கூறி வருகின்றனர். தொழிற் சட்டங்கள் இறுக்கமானவை என்பதே அவ்விடை. அவர்தம் கண்டனத்தின் முதல் இலக்கு, 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமாகிய வேலையாளரின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டமாகும். தொழிற் சட்டங்களை ஒரே சட்டமாக்கும் யோசனை 2023 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டபோதும் இவ்வாதமே ஓங்கி ஒலித்தது. ஆயின், பன்முறை கூறப்படுவதனால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது.

அச்சட்டம் கூறுவது யாது? ஒழுக்காற்று நடவடிக்கையால் நீக்கப்படுபவருக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு மாத காலத்துள் 180 நாட்கள் சேவையாற்றாதவருக்கும் பொருந்தாது. ஏனையோரை வேலையினின்று நிறுத்துவதாயின், அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என்பதே அதன் சாரம். ஆட்குறைப்பை அது தடைசெய்யவில்லை. காரணத்தைப் பொது அதிகாரி ஒருவர் முன் நிறுவி, நட்டஈடு வழங்கிய பின் செய்க என்றே விதிக்கின்றது. அந்நட்டஈடும் வரம்பற்றதன்று. 2005 ஆம் ஆண்டு முதல் அதற்கு வரையறுத்த கணிப்பு முறை உண்டு. 2021 ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட பின்னரும் அதன் உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபாவே.

இவற்றினும் முக்கியமான உண்மையொன்று உண்டு. பதினைந்துக்குக் குறைந்த வேலையாளரைக் கொண்ட நிறுவனம் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதேயில்லை. எட்டுப் பேருடன் இயங்கும் அரிசி ஆலையையோ, பத்துப் பேருடன் இயங்கும் அச்சகத்தையோ இது தீண்டுவதில்லை. அங்ஙனமாயின், சிறு முயற்சியாளனின் கண்ணீரைக் காட்டி இச்சட்டத்தை நீக்கக் கோருவது எவ்வகை நேர்மை?

சிறு முயற்சியாளனை உண்மையில் நெரித்தவை வேறு. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. ஆறு மாத காலத்தில் சராசரிக் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பின்னர் கட்டணம் பலமுறை குறைக்கப்பட்டது உண்மையே. எனினும் இடைக்காலத்தில் மூடப்பட்ட பட்டறையை எக்கட்டணக் குறைப்பும் மீளத் திறப்பதில்லை. இரண்டாவது உயர்வை எதிர்த்து நின்ற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர், அவ்வாண்டு மே மாதத்தில் பாராளுமன்றத் தீர்மானத்தின் மூலம் பதவி நீக்கப்பட்டார். அவர்மீது குற்றச்சாட்டுகள் முன்வைக்கப்பட்டே அது நிகழ்ந்தது எனினும், அரசுடன் முரண்படும் ஒழுங்குபடுத்துநரின் ஆசனம் எத்துணை உறுதியற்றது என்பதை நாடு கண்டுகொண்டது.

மின்னுற்பத்தித் துறையிற் போட்டியின் நிலை யாது? 2022 ஜூன் மாதத்தில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டபோது, போட்டிக் கேள்விப்பத்திர நிபந்தனை தளர்த்தப்பட்டது. பாரிய திட்டங்களுக்கேனும் அது கட்டாயமாக இருத்தல் வேண்டுமென எதிர்க்கட்சி வற்புறுத்தியும் பயன் விளையவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைத் திட்டம் அதானி நிறுவனத்துக்குப் போட்டிக் கேள்வியின்றியே ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்து, விலை மீளாய்வுக்கு உள்ளாகி, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் தானே விலகிக்கொண்டது. சந்தையின் புகழைப் பாடுவோர், சந்தையே புறக்கணிக்கப்பட்ட வேளையில் எழுப்பிய குரல், தொழிற் சட்டத்துக்கு எதிராக எழுப்பும் குரலுக்கு எட்டுணையும் ஈடாகாது.

போட்டிச் சட்டத்தின் கதை இதனினும் துயரமானது. 1987 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு, ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் போட்டிக்கு விரோதமான செயல்களையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. போட்டிக்கு விரோதமான செயல்கள் பற்றிய ஏற்பாடு மட்டும் எஞ்சியது. ஏகபோகமும் இணைப்பும் சட்டத்தின் பார்வையினின்று மறைந்தன. நோயைத் தடுக்கும் மருந்தை வீசிவிட்டு, நோய் முற்றிய பின் மருத்துவனைத் தேடும் ஏற்பாடு இது.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்குக. ஒரு வேலையாளனின் தொழிலை முடிவுறுத்த அனுமதி வேண்டும். ஒரு சந்தை முழுவதும் ஒருவர் கைக்குட் செல்வதற்குப் பொதுவான போட்டிச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டாம் என்ற நிலையே 2003 இல் உருவாக்கப்பட்டது. இம்முரண்பாட்டை நீக்க முதலாவது காப்பையும் அகற்றுக என்பர் பெரு வர்த்தகர். இரண்டாவது காப்பை மீள நிறுவுக என்பதே நீதி.

1971 ஆம் ஆண்டுச் சட்டம் குறையற்றதன்று. விசாரணை நீளும்போது உண்மையாகவே நொடித்த நிறுவனம் மேலும் நொடிகின்றது. அதனால் ஏனைய வேலையாளரும் பாதிப்புறுகின்றனர். ஆயின், பிற நாடுகளில் வேலையின்மைக் காப்புறுதி ஆற்றும் பணியையே இங்கு இச்சட்டம் ஆற்றி வந்துள்ளது என்பதை மறத்தலாகாது. முதலிற் காப்புறுதியை நிறுவுக. பின்னர் சட்டத்தைத் தளர்த்துவது பற்றிப் பேசுக. ஒழுங்கு மாறுமாயின் அது சீர்திருத்தமன்று, பறிப்பு.

எனவே, சட்டம் தொழில் முயற்சிக்குத் தளையா என்ற வினாவே பிழையானது. எச்சட்டம், எவர்க்குத் தளை என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. சிறு முயற்சியாளனும் வேலையாளனும் ஒருவரையொருவர் எதிரியாகக் கொள்ளும் வரை, அவ்விருவரையும் நெரிப்பவனுக்கு எச்சட்டமும் தளையாகப் போவதில்லை.