ஊட்டி வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா? முதல் கெஸ்ட் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சென்னையிலோ கோவையிலோ வேலை. ஊட்டி, கோத்தகிரி பக்கம் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ‘சும்மாதானே கிடக்கு, ஏர்பிஎன்பி-ல போட்டா ஒரு நாளைக்கு மூவாயிரம் வருமே’ என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அன்று இரவே போட்டோ எடுத்து, செயலியில் ஏற்றி, முதல் புக்கிங்கும் வந்துவிடுகிறது. சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கணக்கு, அனுமதி, வரி, பாதுகாப்பு நான்கையும் முதலிலேயே பார்த்தவர்களுக்கு இது நல்ல வருமானம். பார்க்காதவர்களுக்குத் தலைவலி.

மாத வாடகையை விட லாபமா?

ஒரு எடுத்துக்காட்டு. வீட்டை மாத வாடகைக்கு விட்டால் ரூ.15,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாள் வாடகை ரூ.3,000. மாதத்தில் 12 இரவுகள் புக் ஆனால் வரவு ரூ.36,000. பார்க்க இரட்டிப்புக்கும் மேல்!

இப்போது செலவு. ஒவ்வொரு குழுவும் 2 இரவு தங்கினால், 6 முறை சுத்தம் செய்ய வேண்டும். சுத்தத்துக்கும் சலவைக்கும் ஒரு முறைக்கு ரூ.1,000 என்றால் ரூ.6,000. தளத்துக்கு 15% கமிஷன் என்றால் ரூ.5,400. கரண்ட், தண்ணீர், வைஃபை ரூ.5,000. சாவி கொடுக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பகுதி நேரம் என்றாலும் ரூ.8,000. உடைசல், பழுது ரூ.1,600. மொத்தம் ரூ.26,000. கையில் நிற்பது ரூ.10,000 மட்டுமே.

இதே கணக்கில் மாத வாடகையைத் தாண்ட 15 இரவுகளாவது நிரம்ப வேண்டும். ஏப்ரல், மே சீசனில் அது எளிது. மழைக்காலத்தில் அப்படியில்லை. எனவே சீசன் மாதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவதே சரி.

‘நம்ம வீடுதானே, யாரைக் கேக்கணும்?’

கேட்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அடுக்குமாடி என்றால் முதலில் சங்கத்தின் விதிமுறைகள். வாடகைக்கு எடுத்த வீட்டை உள்வாடகைக்கு விடுவதென்றால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாய்வார்த்தை போதாது.

நீலகிரியில் கட்டட அனுமதி இன்னும் முக்கியம். குடியிருப்பு என்று அனுமதி வாங்கி, காட்டேஜாக நடத்திய கட்டடங்களுக்கு அங்கே சீல் வைக்கப்பட்டதுண்டு. சீகூர் யானை வழித்தடத்தில் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் ரிசார்ட்டுகள் மூடப்பட்டன. எனவே உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிக்காமல் லட்சக்கணக்கில் இன்டீரியருக்குச் செலவழிப்பது ஆபத்து.

உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசித்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ ஹோம்ஸ்டே திட்டத்தில் பதியலாம். 1 முதல் 6 அறைகள் வரை அனுமதி. சில்வர், கோல்டு என இரண்டு தரங்கள் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

கரண்ட் விஷயத்தையும் விடக் கூடாது. வாங்கிய இணைப்பை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். எந்தக் கட்டணப் பிரிவு என்பதை ஈபி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சமையலறையில் வைக்கும் சிலிண்டருக்கும் இதே விதி: 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்.

ஐடி ப்ரூஃப்: யாரிடம், எவ்வளவு?

புக் செய்தவரிடம் மட்டுமல்ல, தங்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் அடையாள அட்டை பார்த்து, பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆதார் கொடுத்தால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். பிரதிகளை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற விடக் கூடாது.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். ‘ஃபார்ம் சி’ என்று பழக்கத்தில் சொல்லப்படும் விதி இதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள புதிய குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்திலும் தங்குமிடம் கொடுப்பவரின் இந்தக் கடமை தொடர்கிறது. மலேசியாவிலிருந்து வருபவர் நம்மைப் போலவே தமிழ் பேசலாம்; பாஸ்போர்ட் வெளிநாடு என்றால் விதி பொருந்தும். தளத்தில் கணக்கு தொடங்க நேரம் பிடிக்கும் என்பதால், கெஸ்ட் வந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே முடித்து வைக்கலாம்.

வரி எவ்வளவு?

ஒரு இரவுக்கு ரூ.7,500 வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. அதற்கு மேல் 18%. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆன்லைன் தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த ரூ.20 லட்சம் வீட்டு வரவு மட்டுமல்ல. அதே பான் எண்ணில் செய்யும் ஃப்ரீலான்ஸ் வேலையின் வரவும் அதில் சேரும்.

ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்கு மேல் போனால் தளம் 0.1% டிடிஎஸ் பிடிக்கும். பான் எண்ணோ ஆதாரோ கொடுக்காவிட்டால் அது 5% ஆகிவிடும். டிடிஎஸ் பிடிக்காவிட்டாலும் வருமானத்தை ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். வீட்டு வாடகை வருமானமா, தொழில் வருமானமா என்பதைக் கொடுக்கும் சேவைகளைச் சொல்லி ஆடிட்டரிடம் கேட்பது நல்லது.

உயிர் விஷயம்

மலைப்பகுதியில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, மறுநாள் எழாமலே போனவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பார்பிக்யூ அடுப்பை இரவில் கேர்டேக்கரே எடுத்து வெளியே பூட்டி வைக்க வேண்டும். அறையில் ஒரு ஹீட்டர் கொடுத்துவிட்டால் கரியைத் தேடவே மாட்டார்கள். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் கூடவே கூடாது. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, பக்கத்து மருத்துவமனையின் எண் ஆகியவை கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கேமரா? வீட்டுக்குள் வேண்டாம். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவை உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது. வாசலில் வைத்தால், இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கெஸ்ட்டிடம் முன்பே சொல்ல வேண்டியவை

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் இருந்தது. இது தெரியாமல் கல்லாறு சோதனைச் சாவடியில் மாட்டியவர், அந்தக் கோபத்தை ரிவ்யூவில்தான் காட்டுவார். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை, செங்குத்தான ரோடு, மாடிப்படி, செல்போன் சிக்னல் இல்லாதது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுவது நல்லது. ‘மியூசிக் 10 மணி வரைதான்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் எல்லாமே நின்றுவிடும்.

ஒவ்வொரு குழு வருவதற்கு முன்பும் வீட்டை ஒரு வீடியோ எடுத்து வைத்தால், பொருள் உடைந்தால் ஆதாரம் இருக்கும். ஏர்பிஎன்பி-யில் இழப்பீடு கேட்க, கெஸ்ட் கிளம்பியதிலிருந்து 14 நாள்தான் அவகாசம்.

கடைசியாக ஒரு சோதனை. லிஸ்டிங் போடுவதற்கு முன் உரிமையாளரே ஓர் இரவு அங்கே கெஸ்ட் போலத் தங்கிப் பார்க்கலாம். வெந்நீர் எத்தனை நிமிடத்தில் வருகிறது, இரவில் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, கரண்ட் போனால் என்ன செய்வது? அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும்.