பூட்டு ஆயிரம், சாவி ஒன்று!

வீட்டுக்கு ரவுட்டர் மாட்ட வருகிறவர் என்ன செய்கிறார்? வைஃபைக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. செல்போனில் நெட் வந்ததா? வேலை முடிந்தது, கிளம்பிவிடுவார். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு பாஸ்வேர்டு உண்டு என்பதே பல வீடுகளில் தெரியாது. பல பழைய பெட்டிகளில் பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'!

ஏதாவது விபரீதம் நடந்தால் உடனே "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு புலம்பல். நல்ல கதை! ஒரே சாவியில் திறக்கிற ஆயிரம் பூட்டு செய்து விற்றவனை விட்டுவிட்டு, வாங்கியவனைத் திட்டுவதா?

2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் போட்ட ஆட்டத்தைப் பாருங்கள். அதில் மந்திர தந்திரம் எதுவும் இல்லை. கம்பெனிகளே வைத்து விற்ற பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சம், அவ்வளவுதான். இணையத்தில் கண்ட கதவையெல்லாம் தட்டி, அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கேமரா, டிவிஆர், ரவுட்டர் என்று லட்சக்கணக்கில் சிக்கின. அந்த வருடம் அக்டோபர் 21 அன்று இந்தப் படை டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திணறின.

கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மாற்ற வேண்டியதுதானே என்கிறீர்களா? சில கருவிகளில் மாற்ற வழியே கிடையாது, ஃபர்ம்வேரிலேயே எழுதிவைத்து விற்றிருந்தார்கள். இதில் விழிப்புணர்வு வந்து என்ன கிழிக்கும்?

கணக்கு எளிது. பெட்டிக்குப் பெட்டி தனி பாஸ்வேர்டு வைக்கக் கொஞ்சம் செலவாகும். அதை மிச்சம் பிடித்தது தயாரிப்பாளர், நஷ்டம் யாரோ மூன்றாம் மனிதருக்கு. பெட்டி வாங்கியவருக்கோ எதுவும் தெரியாது, அவர் வீட்டில் நெட் பாட்டுக்கு ஓடும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வலிக்காத நஷ்டத்தைச் சந்தை எப்படித் தானாகச் சரிசெய்யும்? சட்டம்தான் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலும் பிரிட்டனில் 2024 ஏப்ரலிலும் அப்படிச் சட்டம் அமலுக்கு வந்தது: பெட்டிக்கொரு பாஸ்வேர்டு, இல்லையென்றால் வாங்கியவரே புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நாட்டிலும் வரட்டும்!

அதுவரை? ரவுட்டரைப் புரட்டி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 'அட்மின்' என்றிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கட்டும், விற்றவர் மேல்.