இறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மருத்துவமனையில் சாவுகள் தொடர்ந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான அறிவிப்பு வந்துவிட்டது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி, 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய். ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் வைப்புநிதி. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போதும் இப்படித்தான் நடந்தது. மாவட்டந்தோறும் பணிக்குழு அமைத்து, பெற்றோரை இழந்த குழந்தைகளைக் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களான நாமே தேடிக் கண்டுபிடித்தோம். இந்த இதழைப் படிக்கும் பலர் அந்த நாட்களில் தெருத்தெருவாக நடந்தவர்கள்.

அந்த வேகம் பெருமைக்குரியது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து வருடக் குடியில் கல்லீரல் கெட்டு, எந்தச் செய்தியிலும் வராமல் வீட்டுத் திண்ணையில் செத்துப்போகும் தகப்பன்மார் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

நம்மிடம் இல்லை. அந்தப் பிள்ளைகள் நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் வீட்டில் எல்லாம் கைமீறிப் போன பிறகுதான். சிலரைச் செங்கல் சூளையிலிருந்து மீட்கிறோம். சிலரைப் பேருந்து நிலையத்திலிருந்து 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்பின் வழியாக அழைத்து வருகிறோம். இன்னும் பலர் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயாக வேண்டும். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குழுக் கடன் தவணை வாராவாரம் வாசலில் நிற்கிறது. “பிள்ளைய எங்கயாச்சும் சேத்துவிடுங்க சார், படிச்சா போதும்” என்கிறார். குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தை நிறுத்தப்படுகிறது. இல்லத்தில் இடம் இருக்கிறது. ஆணை வந்துவிடுகிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 3-ஆம் பிரிவிலேயே, குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்தினுடையது, நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்று சொல்லிவிட்டது. பயிற்சி வகுப்புகளில் நாம் அதை மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் மேலே சொன்ன அம்மாவுக்கு முதல் வழியாகக் கிடைத்தது எது? மாமல்லபுரத்துக் காப்பகங்கள் பற்றிய புகாரில் 2007-இல் தொடங்கி உச்ச நீதிமன்றத்தில் பத்தாண்டு நடந்த வழக்கு, 2017 மே மாதம் தீர்ப்பாகி, இல்லங்களின் பதிவையும் கண்காணிப்பையும் இறுக்கியது. இல்லங்கள் முன்பைவிடச் சீராகியிருக்கின்றன, அது உண்மை. இல்லத்தின் வாசலுக்கு வருவதற்கு முன்னால் குழந்தை கடந்துவரும் பாதையைத்தான் நாம் சீர்செய்யாமல் விட்டுவிட்டோம்.

பணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குழந்தை தன் குடும்பத்திலேயே வளர்வதற்கான நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். இல்லத்தில் வளரும் ஒரு குழந்தைக்கான பராமரிப்பு மானியம் 3,000. வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தொகை அதிகம்! 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டமும் மாதம் 2,000 ரூபாயை 18 வயது வரை தருகிறது. தொகை போதுமா என்ற விவாதம் இருக்கட்டும். அது போய்ச் சேரும் வழியைப் பார்ப்போம்.

மிஷன் வாத்சல்யா உதவி பெற, கிராமப்புறக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரம் என்றால் 96,000-க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்று. தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்று. குழந்தையின் ஆதார், பள்ளியிலிருந்து போனஃபைடு, வங்கிக் கணக்குப் புத்தகம். இறந்த தகப்பனாவது ஒரு சான்றை விட்டுச் செல்கிறான். விட்டுவிட்டு ஓடிப்போன தகப்பன் எதையும் விட்டுச் செல்வதில்லை. கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு அந்தப் பெண் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரணைக்கும் ஆர்.ஐ. அறிக்கைக்கும் தாசில்தார் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கல்வராயன் மலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ இறங்கி வரும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. கோப்பு முழுமையானதும் நிதி ஆதரவுக்கான ஒப்புதல் குழு கூடும் நாளை எதிர்பார்க்க வேண்டும். இல்லத்தில் சேர்ப்பதற்கோ குழந்தைகள் நலக் குழுவின் ஓர் அமர்வு போதும். மாதக்கணக்கில் அலைவதா, ஒரே நாளில் முடிப்பதா என்று வந்தால் அந்தத் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று நமக்குத் தெரியும். அதைத் தாயின் விருப்பம் என்று அறிக்கையில் எழுதுவது நியாயமாகாது.

இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே, ஊருக்குள்ளேயே, குடும்பத்தைச் சந்திக்க முடியும். அதற்கான தகவல் ஊரில் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கிறது.

கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவாளர் வி.ஏ.ஓ.தான். ஐம்பது வயதுக்குள் ஒருவர் இறந்து, அந்தப் பதிவு பதிவேட்டில் ஏறும்போதே, “வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். பள்ளிக்கு நெடுநாள் வராத மாணவர்களின் பெயர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஆசிரியருக்குத் தெரிகிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். கிராம சுகாதாரச் செவிலியருக்கு எந்தத் தாய் பிரசவத்துக்குப் பின் யாரோடும் பேசாமல் கிடக்கிறாள் என்று தெரியும். இந்த நான்கு பேருக்கும் தெரிந்தவை ஒரே மேசைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

அந்த மேசைக்கும் பெயர் உண்டு: கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமையில் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், இரண்டு குழந்தைப் பிரதிநிதிகள் என்று அமைக்கப்பட்டது. பெரும்பாலான ஊர்களில் இது ஒரு தீர்மானப் புத்தகமாகவே உயிர்வாழ்கிறது. கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து வாங்கும் வேலை நம் புறத்தொடர்புப் பணியாளர் தலையில் விழுகிறது. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. பல ஊராட்சிகளின் கோப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அலுவலர், ஒரு தெருவின் ஒரு வீட்டைப் பற்றி உட்கார்ந்து பேசுவார் என்று எதிர்பார்க்க இயலாது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சிகளின் கவலையாக மட்டும் நாம் பார்க்கக் கூடாது. நம் துறைக்கு அது நேரடி இழப்பு.

அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கென்று குறித்த 29 பொருள்களில் 25-ஆவது, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கடமைகள் எல்லாம் மாவட்டத்தில் நிற்கின்றன. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பை இன்னும் கூட்டியது. இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 17-ஆம் பிரிவில், தேவையுள்ள குழந்தைகளின் நலனைக் காக்கவும் இயன்றவரை அவர்கள் தங்கள் குடும்பத்திலேயே வளர உதவவும் உள்ளாட்சி மன்றத்தின் மீதே கடமையைச் சுமத்துகிறது. அங்கும் அந்தக் கடமை நிதியில்லாமல் திணறுவது உண்டு. என்றாலும் கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கிறது. இங்கே ஓர் ஊராட்சியில் ஒரு குழந்தை படிப்பை நிறுத்திச் சூளைக்குப் போனால், ஊராட்சி பதில் சொல்ல வேண்டிய இடமே இல்லை.

நம் பங்குக்கு வருவோம். குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை, படிவம் 22, நம் கையில் இருக்கும் மிக வலுவான கருவி. வந்துசேரும் அறிக்கைகள் பலவற்றில் “குடும்பம் வறுமையில் உள்ளது, தாய் கூலித் தொழிலாளி, குழந்தையை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது” என்ற மூன்று வரிதான் மாறாமல் இருக்கிறது. வறுமை ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்கான காரணமே அல்ல. அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், குழந்தை இரவில் யார் பக்கத்தில் படுக்கிறது, பாட்டிக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் வருகிறதா, வராவிட்டால் எந்தக் காகிதத்தில் நிற்கிறது, தாய்மாமன் எந்த ஊரில் இருக்கிறார், அரசு விடுதியில் இடம் கிடைத்தால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வர முடியுமா: இவற்றை எழுதிய அறிக்கையைப் படித்த குழு வேறு ஆணையும் போடும். பாட்டியின் கண்புரைக்கு அரசு மருத்துவமனையில் அறுவை செய்து, அதனாலேயே பேரன் வீட்டில் தங்குகிறான் என்றால், அதுவும் குழந்தைப் பாதுகாப்புப் பணியே.

ஊருக்குள் தகவல் திரட்டும்போது ஓர் ஆபத்தும் உண்டு. கிராம சபையில் பெயர் வாசிப்பது, மேடையில் குழந்தையை நிறுத்திக் காசோலையைக் கொடுத்துப் படம் பிடிப்பது, அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாம் நிற்க வேண்டும். சட்டத்தின் 74-ஆம் பிரிவு அந்தக் குழந்தையின் அடையாளத்தைக் காக்கச் சொல்கிறது. மறுநாள் வகுப்பறைக்குள் போக வேண்டியவள் அந்தச் சிறுமி.

இவ்வளவையும் யார் செய்வது என்று கேட்பீர்கள். கேட்பது சரியே. திட்ட விதிகளின்படி ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சமூகப் பணியாளர் 2 பேர், புறத்தொடர்புப் பணியாளர் 2 பேர். ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். ஒரு மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை இந்த நால்வரிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பங்களை முன்கூட்டியே சந்திக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது அநீதி. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அமர்ந்து, வி.ஏ.ஓ.வின் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் மாதம் ஒருமுறை சேர்த்துப் பார்த்து, அடுத்த நாள் அந்த வீடுகளுக்குப் போய், சான்றுகளைத் தானே அலைந்து வாங்கித் தரக்கூடிய ஒரு நிரந்தரக் குடும்பப் பணியாளர் ஒன்றியத்துக்கு ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியங்கள் 388. வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னதாகத் துறை அமைச்சரிடம் இந்த 388 பணியிடங்களைக் கேட்டு மனு அளிக்க இருக்கிறோம். தங்கள் ஒன்றியத்தில் கடந்த ஓராண்டில் இல்லங்களுக்குப் போன குழந்தைகளில் எத்தனை பேரை 4,000 ரூபாயும் உரிய நேரத்தில் ஒரு வீட்டு விசாரிப்பும் வீட்டிலேயே வைத்திருந்திருக்கும் என்ற உங்கள் மதிப்பீட்டை, பெயர்களை நீக்கிவிட்டு, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மனுவோடு அதையும் இணைப்போம்.