பொட்டு வெச்சா போதுமா?

பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கற செக்யூரிட்டி அண்ணனை எல்லாரும் பாத்திருப்பீங்க. மடியில ஒரு துப்பாக்கி இருக்கும். அந்தக் குழலைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணினாங்கன்னு யாராவது கேட்டிருக்கீங்களா? ஆடிட் வர்றவங்க தோட்டா எத்தனை, லைசென்ஸ் எப்போ முடியுதுன்னு கேப்பாங்க. டிக் அடிப்பாங்க, போவாங்க. குழலுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க எந்த ரிஜிஸ்டர்லயும் காலம் கிடையாது.

என் கருத்து ரொம்ப சிம்பிள். சுத்தம் பண்ண நேரமும் சாமானும் கொடுக்க முடியாதுன்னா, அந்த மனுஷன் கையில துப்பாக்கியையும் கொடுக்காதீங்க.

பி.காம். படிச்சுட்டு டெபிட் கிரெடிட் பாக்கறவனுக்கு இதுல என்ன வேலைங்கறீங்களா? காலேஜ்ல என்.சி.சி.யில பாயிண்ட் 22 ரைஃபிள் தூக்கினவன் சாமி நானு. அஞ்சு ரவுண்டு சுடுவோம், அப்புறம் அரை மணி நேரம் துடைப்போம். புல்-த்ரூ கயிறுல "சிந்தி"ன்னு சொல்ற துணித் துண்டை மாட்டி, குழலுக்குள்ள விட்டு இழுக்கணும். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் ஹவில்தார் விடமாட்டார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ரைஃபிள் குழலுக்குள்ள சுருள் சுருளா வரி வெட்டியிருப்பாங்க. அந்த வரிதான் குண்டைச் சுழல வெச்சு நேரா அனுப்புது. சுடச் சுட அந்த வரியில ஈயமோ செம்போ ஒட்டும், மேல மருந்துக் கரி படியும். வரி தூர்ந்தா குறி போச்சு. பழைய காலத்துத் தோட்டாவுல இன்னொரு வில்லங்கம். அதோட கேப்புல இருந்த ரசாயனம் எரிஞ்சு, சமையல் உப்புக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒரு உப்பைக் குழல்ல விட்டுட்டுப் போகும். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துத் துருப் பிடிக்க வைக்கும். எண்ணெய்ல உப்பு கரையாது. அதனாலதான் பாயிண்ட் 303 வெச்சிருந்த சிப்பாய்ங்க முதல்ல கொதிக்கற தண்ணியை ஊத்திக் கழுவி, காய வெச்சு, அப்புறமாத்தான் எண்ணெய் போட்டாங்க.

"எங்க துப்பாக்கி சுடறதே இல்லையே, எப்படி அழுக்காகும்?" இது ஒரு மேனேஜர் கேட்ட கேள்வி. பேங்க்ல பெரும்பாலும் இருக்கறது வரியில்லாத 12 போர். எப்பவோ பயிற்சிக்குப் போய் ரெண்டு ரவுண்டு சுட்டு, அப்படியே மூலையில சாத்தினா, பிளாஸ்டிக், ஈயம், கரி எல்லாம் உள்ளயே தங்கும். சுடாட்டியும் தூசி உண்டு, பெங்களூரு மழைக்கால ஈரம் உண்டு, பழைய எண்ணெய் பிசினாகறதும் உண்டு. சும்மா கிடக்கற குழல்ல குளவி கூடு கட்டினாலும் போச்சு. அடைப்போட சுட்டா குழலே வெடிக்கும். யார் முகத்துக்குப் பக்கத்துல? அதே செக்யூரிட்டி அண்ணன் முகத்துக்குப் பக்கத்துல.

எனக்குத் தெரிஞ்ச பிராஞ்சுல காவல் நிக்கறவர் நம்ம ஊர்க்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸ்ல "தம்பி"யா இருந்து ரிட்டயர் ஆனவர். அல்சூர் சென்டர்ல ட்ரெய்னிங் எடுத்தவர். "சார், யூனிட்ல ஆயுதத்தை இப்படி வெச்சிருந்தா தோலை உரிச்சிருப்பாங்க"ன்னார். ராடு, பிரஷ், ஃப்ளானல் துணி, எண்ணெய் வேணும்னு அவர் சொன்னதை நான் எழுதிப் போட்டேன். மேல இருந்து வந்த பதில்: "எந்த ஹெட்ல டெபிட் பண்றது?" மனுஷன் கடைசியில பழைய வேட்டியைக் கிழிச்சு, சொந்தக் காசுல தையல் மெஷின் எண்ணெய் வாங்கித் துடைச்சார். கோடிக்கணக்குல பணம் புழங்கற இடத்துல இது நடக்குது மக்களே.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்ல. வியட்நாம் போர்ல அமெரிக்கா எம்-16 ரைஃபிளைக் கொடுத்தப்போ, இதுக்குச் சுத்தமே தேவையில்லைன்னு ஒரு பேச்சு பரவிச்சு. துடைக்கற சாமானும் போதுமான அளவுக்குப் போய்ச் சேரல. போதாக்குறைக்குத் தோட்டா மருந்தையும் மாத்தினாங்க, குழலோட தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்ல. சண்டை நடுவுல காலித் தோட்டா உள்ளயே சிக்கி, செத்தவங்க உண்டு. 1967-ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி விசாரிச்சுக் கிழிச்சுது. அப்புறம்தான் குரோமியம் பூசினாங்க, சுத்தம் பண்ற சாமான் கொடுத்தாங்க. எப்படித் துடைக்கணும்னு வில் ஐஸ்னரை வெச்சு ஒரு சித்திரக்கதைப் புத்தகமே போட்டாங்க. உயிர் போனதுக்கு அப்புறம் புத்தி!

1857-ஐயும் யோசிச்சுப் பாருங்க. என்ஃபீல்டு ரைஃபிள்ல குண்டை வாய்ப்பக்கமா உள்ள தள்ளணும். கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல கசடாத்தான் மிஞ்சும். வரி வெட்டின குழல்ல அந்தக் கசடைத் தாண்டி குண்டு வழுக்கிட்டுப் போகத்தான் தோட்டாக் காகிதத்துல கொழுப்பு தடவினாங்க. அது பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பாங்கற கேள்வியில பத்திக்கிட்டுது. கிளர்ச்சிக்குக் காரணம் நூறு இருக்கலாம், ஆனா தீக்குச்சி இதுதான். கையில ஆயுதம் பிடிக்கறவனைக் கேக்காம மேல இருக்கறவங்க முடிவு பண்ணினா இப்படித்தான்.

பக்கத்து குடகுல பாருங்க. குடவர்களுக்கு ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் விலக்கு இருக்கு. 2021-ல கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. செப்டம்பர் ஆரம்பத்துல வர்ற கைல்பொளுது பண்டிகைக்குத் துப்பாக்கியை முதல்ல சுத்தம் பண்ணி, அப்புறம் பூஜையில வைப்பாங்க. குழல் வாயில "தோக் பூ" செருகுவாங்க. அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம செங்காந்தள்தான், தமிழ்நாட்டு மாநிலப் பூ! நாம என்ன பண்றோம்? ஆயுத பூஜை அன்னிக்கு வெளியில சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வெச்சு, பொரிகடலை சாப்பிட்டுட்டுப் போறோம். சாமி கும்பிடறது தப்பில்லைங்க. குழலுக்குள்ள துருவை வெச்சுக்கிட்டு வெளியில பொட்டு வைக்கறதுதான் தப்பு.

என்ன பண்ணலாம்?

1. ராடு, பிரஷ், துணி, எண்ணெய் ஒரு செட்டு பிராஞ்சுக்கு வாங்கிக் கொடுங்க. ஹெட் எதுன்னு அப்புறம் தேடிக்கலாம்.

2. வாரத்துல ஒரு நாள், வாடிக்கையாளர் வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்குங்க. பூட்டின ரூம், தோட்டாவை வேற இடத்துல வெச்சுட்டுத்தான் துணியையே தொடணும். துடைக்கும்போது வெடிச்சுதுன்னு பேப்பர்ல வர்ற விபத்தெல்லாம் உள்ள ஒண்ணு இருக்கறது தெரியாம நடக்கறதுதான்.

3. வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் குழலைப் பாத்து எழுதிக் கொடுக்கட்டும். ரிஜிஸ்டர்ல அதுக்கு ஒரு காலம் போடுங்க.

4. இதெல்லாம் முடியாதுன்னா துப்பாக்கியை முறைப்படி ஒப்படைச்சுட்டு, அலாரமும் கேமராவும் நல்லதா வைங்க. தப்பே இல்ல.

நாளைக்கு அந்தக் குழல் வெடிச்சாலோ, தெரியாம யார் மேலயாவது பட்டாலோ, எஃப்.ஐ.ஆர்.ல அவர் பேர்தான் வரும். "எந்த ஹெட்"னு கேட்டவர் பேர் வராது. நம்மள மாதிரியே பிழைப்புக்கு ஊரை விட்டு வந்து, ரிட்டயர் ஆன வயசுலயும் எட்டு மணி நேரம் வாசல்ல நிக்கற மனுஷன் அவர். அடுத்த தடவை பேங்க் போனா, "அண்ணே, சுத்தம் பண்ண எல்லாம் கொடுக்கறாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேட்டீங்கன்னு அவர் மேனேஜர்கிட்ட சொல்லட்டும். ஸ்டாஃப் எழுதற லெட்டரை விட கஸ்டமர் கேக்கற கேள்விக்கு எங்க ஆபீஸ்ல மரியாதை ஜாஸ்தி!

டிஸ்கி: ஆர்வக் கோளாறுல யாரும் குழலுக்குள்ள எட்டிப் பாத்துடாதீங்க. அது அவர் வேலை.